சிங்கப்பூரில் புதிய தமிழ்க் குறுநாடகங்களை எங்கே தேடுவது?

குறுநாடகம் என்பது பெரும்பாலும் பத்து, இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் மேடை நாடகம். இரண்டு மூன்று பாத்திரங்கள், ஒரே இடம், ஒரே சிக்கல். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசுவது காதில் விழுமே, அது மாதிரி: நடுவில் நுழைகிறோம், அவர் இறங்கியதும் மீதியை நாமே ஊகிக்கிறோம்.

புதியவர்கள் ஏன் இதில் தொடங்குகிறார்கள்? செலவுதான் முக்கியக் காரணம். அரங்க வாடகை, ஒளியமைப்பு எல்லாவற்றையும் ஐந்தாறு நாடகங்கள் ஒரே மாலையில் பகிர்ந்துகொள்ளலாம். ஒன்று சறுக்கினாலும் குழு தாங்கும்.

என் முதல் பரிந்துரை, ரவீந்திரன் நாடகக் குழுவின் ‘பத்தே நிமிடம்’ என்ற குறுநாடக நிகழ்ச்சி. அப்புறம் அகம், அவாண்ட் நாடகக் குழுக்களின் அறிவிப்புகளையும் கவனியுங்கள். புத்தகமாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல நல்ல நாடகப் பிரதிகள் அச்சுக்கே வருவதில்லை. எழுதியவரிடம் நேரடியாகக் கேளுங்கள், மேடையேற்ற அனுமதியும் அவரிடம்தான் வாங்க வேண்டும். பிரதி கைக்கு வந்ததும் முதல் பக்கத்தைப் பாருங்கள். “வாங்க, உட்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா” என்றே ஒரு பக்கம் ஓடினால், நாடகம் தேறுமா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பலர் நினைப்பதுபோல, குறுநாடகம் முழுநீள நாடகத்தின் சுருக்கம் அல்ல. பத்து நிமிடத்துக்கென்றே யோசித்த கதையை இரண்டு மணி நேரம் இழுத்தால் அது நிற்காது.