முகக்கவசம், கமிட்டி, கையெழுத்து: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலையிடத்தில் பரவும் தொற்றைப் பற்றித்தான். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

தொற்று பரவும் நேரத்தில் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? (கிடங்குத் தொழிலாளி)

உண்டு, நிபந்தனையோடு. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து ஒருவர் வேலையிடத்தை விட்டு விலகினால், அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 155-ஆவது உடன்படிக்கை (1981). ஆனால் மேலதிகாரியிடம் உடனே சொல்லியாக வேண்டும். போனை அணைத்துவிட்டு வீட்டில் இருந்தால் அது வெறும் ஆப்சென்ட். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாலும் எடுபடாது. காற்றே வராத அறை, காய்ச்சலோடு பக்கத்தில் நிற்கும் ஆள், தராத முகக்கவசம் என்று காரணத்தைக் காட்டுங்கள். உங்கள் நாடு இந்த உடன்படிக்கையை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். தனியாக இறங்காதீர்கள். எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

முகக்கவசத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். சரியா?

தவறு. பாதுகாப்புச் செலவு தொழிலாளர் தலையில் விழக் கூடாது என்று அதே உடன்படிக்கையின் 21-ஆவது பிரிவே சொல்கிறது. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் கம்பெனியில் பாதுகாப்பே இல்லை. என்ன செய்வது?

இவ்வளவுதான் கடிதம். என்ன வேலை, ஓர் அறையில் எத்தனை பேர், ஜன்னல் உண்டா, சங்கம் உண்டா, இதுவரை யாரிடம் என்ன கேட்டீர்கள், ஒன்றுமே இல்லை. நிர்வாகத்துக்கும் இப்படித்தான் எழுதினீர்கள் என்றால் பதில் வராததில் வியப்பில்லை. விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

எங்கள் சேஃப்டி கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் யார் என்று நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அவர்களிடம் எதையும் சொல்லப் பயமாக இருக்கிறது. (ஆலைத் தொழிலாளி)

பல வருடங்களாக நான் கத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது. நிர்வாகம் கைகாட்டி உட்கார வைத்த ஆள் தொழிலாளர் பிரதிநிதி ஆக மாட்டார். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் யார் நியமித்தார்களோ அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். சங்கம் அனுப்பியவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்தவராக இருக்க வேண்டும். 1971-இல் வந்த ஐ.எல்.ஓ.வின் 135-ஆவது உடன்படிக்கை இந்த இரண்டு வகையினரைத்தான் பிரதிநிதிகளாக ஏற்கிறது. பிரதிநிதியாகச் செயல்பட்டதற்காக அவர்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

அப்புறம், 155-உடன் சேர்ந்து வந்த 164-ஆவது பரிந்துரையைப் படியுங்கள். கமிட்டியில் தொழிலாளர் தரப்புக்குக் குறைந்தது சரிபாதி இடம், வேலையிடத்தின் எல்லாப் பகுதிக்கும் போய்ப் பார்க்கும் உரிமை, இந்தப் பணிக்குச் சம்பளத்தோடு நேரம், புதிய ஏற்பாடுகளுக்கு முன்னால் கலந்தாலோசனை எல்லாம் அதில் இருக்கின்றன. பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது, உண்மைதான். ஆனாலும் மேசையில் வைத்துப் பேச அது போதும்.

தொற்றுக் காலத்தில் இந்தக் குறை ஆளைக் கொல்லும். மெஷினில் கை மாட்டினால் எல்லோருக்கும் தெரியும். தொற்று அப்படி இல்லை. யாருக்குக் காய்ச்சல், யார் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு வந்தார் என்பது பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்குத்தான் தெரியும். சம்பளம் போய்விடும் என்று அவர் வாயை மூடிக்கொண்டால் ஒரு லைன் முழுக்கப் படுத்துவிடும். நம்பிச் சொல்ல ஒரு பிரதிநிதி இருந்தால், பெயரை வெளியே விடாமல் விஷயத்தை மட்டும் அவர் கொண்டுபோவார்.

என்ன செய்யலாம்? தேர்தல் வேண்டும் என்று கூட்டாகக் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். கடைசி கூட்டத்தின் மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். கூட்டமே நடக்காத கமிட்டியிடம் மினிட்ஸ் இருக்காது. இல்லை என்ற பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

சானிடைசர் வைத்தாயிற்று, வேறென்ன வேண்டும் என்கிறார் மேனேஜர்.

காற்று வேண்டும். காற்றில் பரவும் தொற்றுக்குக் கையை மட்டும் கழுவிப் பயனில்லை. முதலில் ஜன்னல், மின்விசிறி, வடிகட்டி, பிறகு ஆட்களைப் பிரித்து ஷிஃப்ட் போடுவது, கடைசியில்தான் முகக்கவசம். ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்கச் சொல்லுங்கள். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். அறைக்குள் 800-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் அத்தனை பேருக்கு அங்கே காற்று போதவில்லை.

கூட வேலை செய்பவருக்குத் தொற்று என்கிறார்கள், பெயரைச் சொல்ல மறுக்கிறார்கள்.

பெயர் உங்களுக்கு வேண்டாம். எந்தப் பகுதி, எந்த ஷிஃப்ட், எந்தத் தேதிகள் என்பது வேண்டும். அதைத் தர மறுத்தால் பிரதிநிதி மூலமாக எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கமிட்டி எங்களுக்கும் பேசுமா?

பேச வேண்டும். அதே காற்றைத்தான் நீங்களும் சுவாசிக்கிறீர்கள். ஒரே இடத்தில் இரண்டு நிறுவனங்கள் வேலை செய்தால் பாதுகாப்பில் ஒத்துழைத்தாக வேண்டும் என்பது 155-இன் 17-ஆவது பிரிவு. நிரந்தரத் தொழிலாளர் சங்கம் உங்களை ஒதுக்கினால் அவர்களிடமும் மனு கொடுங்கள், நகலில் கையெழுத்தோடு.

வேலையிடத்தில்தான் தொற்றியது என்று எப்படி நிரூபிப்பது?

கஷ்டம்தான். பரிசோதனை முடிவு, வருகைப் பதிவு, அதே வாரத்தில் அதே பகுதியில் யார் யார் விடுப்பில் போனார்கள் என்ற குறிப்பு, நீங்கள் முன்பே கொடுத்த மனு எல்லாவற்றையும் தேதி வாரியாக வையுங்கள். இழப்பீடு கோரக் கெடு உண்டு. அது எத்தனை நாள் என்று இன்றே விசாரியுங்கள்.