அக்காகிட்ட கேளுங்க: முகாம்ல இருந்து காலேஜுக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. ஆரம்பாக்கத்துல சின்னதா ஹார்ட்வேர் கடை வெச்சிருக்கேன், பெயிண்ட், பிரஷ், பட்டி, பைப்புன்னு. செக்போஸ்ட் தாண்டினா தடா, அங்க இருந்து ஆந்திரா. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்ற பெயிண்டர் அண்ணன் ஒருத்தர் பத்து வருஷமா நம்ம கஸ்டமர், இப்ப வீட்டு ஆளு மாதிரி ஆயிட்டாரு. 2007ல தலைமன்னார்ல இருந்து படகேறி வந்தவங்க, அப்ப அவர் பொண்ணு கைக்குழந்தை. அந்தப் பொண்ணு இப்ப பிளஸ் டூல 600க்கு 531. இன்ஜினியரிங் படிக்கணும்னு ஆசை. அண்ணனுக்கு முட்டி தேஞ்சு சாரம் ஏற முடியல, அதனால ஆந்திரா பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு கம்பெனி வேன் வருதுல்ல, அதுல பொண்ண வேலைக்கு அனுப்பிடலாம்னு வீட்டுல பேசிட்டிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல. பேங்க் லோனுக்கு நான் ஜாமீன் நிக்கலாமா? இல்ல எங்க வீட்டுப் பொண்ணுன்னு என் அட்ரஸ்ல பேப்பர் போட்டு சேத்துடலாமா? ஒரு புரோக்கர் சித்தூர் பக்கம் சீட் இருக்கு, 40,000 முன்பணம் குடுன்றான். என்னால மாசம் 2,000, 2,500 ஒதுக்க முடியும். என்ன பண்றது அக்கா?

பதில்: தம்பி, புரோக்கர்கிட்ட பணம் குடுத்துடலையே? குடுக்கலைன்னா குடுக்கவே குடுக்காதீங்க. சீட் உண்மையாவே இருந்தாலும் அந்தப் பொண்ணுக்கு அது ஆகாது. அவங்க பதிவு தமிழ்நாட்டுல இருக்கு, முகாம்ல தணிக்கை வரும்போது ஆள் இல்லைன்னா பதிவுல கை வெப்பாங்க, அப்புறம் மாசாமாசம் அரசு குடுக்கற பணக்கொடையும் போகும், படிப்புக்கு அரசாங்கம் குடுக்கற உதவியும் சிக்கலாகும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற நமக்கு சித்தூர் பஸ்ஸுல ஏறினா வர்ற ஊர், அவங்களுக்கு அது அனுமதி வாங்கிட்டுப் போற ஊர்.

உங்க வீட்டுப் பொண்ணுன்னு பேப்பர் போடற யோசனைய இன்னையோட விட்டுடுங்க, நல்ல மனசுலதான் கேக்கறீங்க, புரியுது, ஆனா நாளைக்கு யாராவது ஒருத்தர் தோண்டினா உங்களுக்கு கேஸ், அவளுக்கு வாழ்க்கையே போயிடும், டிகிரி கேன்சல் ஆகும், என்னைக்காவது குடியுரிமைக்கு மனு போட்டா இது ஒண்ணு போதும் தள்ளுபடி பண்ண. அவ யாரோ அந்தப் பேர்லயே, அந்த முகாம் பதிவோடயே சேரட்டும்.

லோன் விஷயம். பேங்க்ல கல்விக்கடன் இந்தியக் குடிமக்களுக்குத்தான், விதியிலயே அப்படித்தான் இருக்கு, நீங்க ஜாமீன் நின்னாலும் நடக்காது. குடியுரிமை வாங்கிட்டா லோன் கிடைக்குமேன்னு கேப்பீங்க, ஆனா 2019ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாடுதான், இலங்கை இல்ல. கைக்குழந்தையா வந்து நம்ம பள்ளிக்கூடத்துல நம்ம பிள்ளைங்களோட உக்காந்து படிச்சு 531 எடுத்த பொண்ணு, ஃபார்ம்ல நாடுன்னு கேக்கற கட்டத்துக்கு வரும்போது மட்டும் வெளியாளா ஆயிடறா. எனக்கு இதை எத்தனை தடவ எழுதினாலும் ஆறல.

இப்ப நடக்கக்கூடியது சொல்றேன். தமிழ்நாடு அரசு நடத்தற இன்ஜினியரிங் கவுன்சலிங்ல இலங்கைத் தமிழ் அகதி பிள்ளைங்க விண்ணப்பிக்கலாம், அதுக்குன்னு சான்றிதழ் வேணும், பொதுப் பிரிவுலதான் போட்டி போடணும், இடஒதுக்கீடு கிடைக்காது. அடுத்தது பெரிய விஷயம், 2021 ஆகஸ்ட்ல சட்டமன்றத்துல முதல்வர் 317 கோடிக்கு முகாம்களுக்கு அறிவிச்ச திட்டத்துல படிப்பும் இருந்துச்சு, முகாம் பிள்ளைங்கள்ல இன்ஜினியரிங் சேர்றவங்கள்ல மார்க் வரிசையில முதல் 50 பேருக்கு காலேஜ் ஃபீஸும் ஹாஸ்டல் ஃபீஸும் அரசே கட்டும்னு. (அதே நேரத்துலதான் அகதிகள் முகாம்ங்கிற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தினாங்க.) 531க்கு அந்த 50ல வருவாளான்னு கணக்கு போட்டுட்டு உக்காந்திருக்காதீங்க, விண்ணப்பிக்கச் சொல்லுங்க. முகாமுக்குன்னு இருக்கிற வருவாய் ஆய்வாளர், அதான் ஆர்.ஐ., அவர்கிட்ட முதல்ல கேளுங்க, அவர் தெரியாதுன்னா சேப்பாக்கம் எழிலகத்துல மறுவாழ்வுத் துறை ஆணையர் அலுவலகம் இருக்கு, நேராவே போகலாம். கூடவே ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தையும் பாருங்க, ஒபர்னு சொன்னா முகாம்ல எல்லாருக்கும் தெரியும், இலங்கைத் தமிழர் தலைவரா இருந்த செல்வநாயகம் அய்யா மகன் சந்திரஹாசன் 1984ல ஆரம்பிச்சது, அவங்க பிடிச்சுக்கிட்ட முதல் விஷயங்கள்ல படிப்பு ஒண்ணு. எந்த சான்றிதழ் எந்த ஆபீஸ்னு அவங்களுக்கு அத்துப்படி.

இங்கதான் நீங்க தேவைப்படறீங்க தம்பி. அண்ணன் ஒருநாள் தாலுகா ஆபீஸ் போனா அன்னைக்கு கூலி இல்ல. மூணு நாள் அலைஞ்சா வீட்டுல அரிசிக்கே இடிக்கும். நீங்க கடைய ஒரு மணி நேரம் பையன்கிட்ட விட்டுட்டு அவங்களோட போய் நில்லுங்க, "நாளைக்கு வாங்க"ன்னு சொல்றவங்க உள்ளூர்க் கடைக்காரர் கூட நிக்கறதப் பாத்தா இன்னைக்கே எடுத்துப் பாப்பாங்க. அப்படி இருக்கக்கூடாதுதான், ஆனா இருக்கு.

பணத்தப் பத்தி எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். முதல் வருஷ ஃபீஸ் கட்ட ஆள் கிடைச்சிடும், போட்டோ எடுக்க, சால்வை போட எல்லாரும் வருவாங்க. மூணாவது செமஸ்டர்ல யாரும் இருக்க மாட்டாங்க. நான் பொன்னேரி பக்கம் ஒரு காலேஜ் ஆபீஸ்ல 22 வருஷம் வேலை பாத்தேன், முகாம் பையன் ஒருத்தன், கணக்குல புலி, ரெண்டாம் வருஷம் எக்ஸாம் ஃபீஸ் கட்டற கடைசி நாள் கவுன்ட்டர் முன்னாடி வந்து நின்னான், ஒண்ணும் கேக்கல, போயிட்டான். அடுத்த வாரம் பெயிண்டிங் வேலைக்குப் போறான்னு கூட்டாளிங்க சொன்னாங்க. ரெண்டாயிரம் ரூபா கூட இல்ல அந்த ஃபீஸ். ஏன்ப்பா நிக்கறன்னு ஆபீஸ்ல யாரும் கேக்கல, நானும் கேக்கல. அந்த முகம் இன்னும் மறக்கல.

அதனால உங்க 2,500ஐ ஒரே தடவையா அட்மிஷனுக்குக் கொட்டிடாதீங்க. மாசாமாசம் ஒரே தேதியில, அவ பேர்ல இருக்கிற அக்கவுண்ட்ல போடுங்க, நாலு வருஷத்துக்கும். சீசன் டிக்கெட், எக்ஸாம் ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், கேன்டீன்ல ஒரு சாப்பாடு, மாசாமாசம் வர்ற நாப்கின் செலவு, இதெல்லாம் அப்பாகிட்ட கேக்கவே சங்கடப்பட்டு பிள்ளைங்க படிப்ப விடுதுங்க. அண்ணன்கிட்டயும் பேசுங்க. வேன்ல போனா மாசம் பணம் வருதுன்றது அவருக்கு சும்மா விஷயம் இல்ல, அதை மதிச்சுப் பேசுங்க. உங்க கடையிலயே உக்காந்து பாக்கற வேலை, கலர் மிக்ஸிங், பில்லு எழுதறது, ஏதாவது அவருக்குக் குடுக்க முடியுமான்னு யோசிங்க, அவர் முட்டிக்கும் நல்லது, பொண்ணும் பாரம் இறங்கிப் படிப்பா.

இன்ஜினியரிங் கை கூடலைன்னா பொன்னேரி அரசு கலைக் கல்லூரி இருக்கு, கும்மிடிப்பூண்டியில இருந்து ட்ரெயின்ல ரெண்டாவது ஸ்டேஷன், செலவு கம்மி. கம்ப்யூட்டர் சயின்ஸோ கணக்கோ எடுக்கட்டும், பி.ஜி. போறப்ப அதே 2021 திட்டத்துல முதுநிலை படிக்கிற முகாம் பிள்ளைங்க எல்லாருக்கும் ஃபீஸ் அரசு கட்டும்னு இருக்கு. ஆனா அதை அவளே முடிவு பண்ணணும், நீங்களும் இல்ல, நானும் இல்ல.

கேள்வி: அக்கா, நானும் கும்மிடிப்பூண்டி முகாம்தான், சென்னைல பி.காம். ரெண்டாம் வருஷம். காலேஜ்ல கேம்ப்னு யாருக்கும் சொல்லல. வீட்ல 'கதைக்கிறம்', காலேஜ்ல 'பேசுறோம்', பாத்துப் பாத்துப் பேசுவேன். இப்ப கொச்சிக்கு ஐ.வி. (கம்பெனிகளப் பாக்கற இண்டஸ்ட்ரியல் விசிட்) போறாங்க. வெளி மாநிலம் போக அனுமதி எடுக்கணும், அது கிடைக்குமோ கிடைக்காதோன்னு காசு இல்ல, வரலன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப ஃப்ரெண்ட்ஸ் காசு போட்டுத் தர்றோம்னு நிக்கறாங்க.

பதில்: கண்ணு, அப்படிப்பட்ட ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சிருக்காங்களே. எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல, அதுல ஒருத்தன்கிட்ட மட்டும் சொல்லு. அப்புறம் எச்.ஓ.டி.கிட்ட போய் எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும், எங்க தங்கறீங்க, கூட வர்ற சார் யாரு, எல்லாம் போட்டு காலேஜ் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம் வாங்கு. அதை ரெண்டு காப்பி எடுத்து முகாம் தலைவர், ஆர்.ஐ. ரெண்டு பேருக்கும் இப்பவே குடு, கடைசி நாள் வரைக்கும் வெச்சிருக்காத. தணிக்கை அந்த தேதியில வருதான்னும் கேட்டுக்கோ. அனுமதி வந்துட்டா போ, போட்ல ஏத்துவாங்க, சைனா வலை பாக்கலாம். கிடைக்கலைன்னா எனக்கு இன்னொரு தடவ எழுது.