வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேச வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. இங்கிலீஷ் மீடியத்தில் யூகேஜி படிக்கிறாள். வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறவள் ஸ்கூலில் வாயையே திறப்பதில்லையாம். வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள் என்கிறார் மிஸ். நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரை படித்தவள், கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார், மாமியாருக்கு ஏபிசிடி கூடத் தெரியாது. நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் அம்மா. மிஸ் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், பேரன்ட்ஸ் மீட்டிங் என்றாலே இதைச் சொல்லாத ஸ்கூல் கிடையாது. ஆனால் அதைக் கேட்டு வந்து என்ன நடக்கிறதென்றால், பாட்டியோடு ஊர்க்கதையெல்லாம் பேசுகிற பிள்ளையிடம் அம்மா 'கம், சிட், ஈட் ஃபாஸ்ட்' என்று நாலு அதட்டல் வார்த்தைகளை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறார். அந்தத் தெருநாய் ஏன் நொண்டுகிறது என்று அவள் கேட்டால் தமிழில் உங்களால் விலாவாரியாகப் பதில் சொல்ல முடியும், அவளும் விடாமல் அடுத்த கேள்வி கேட்பாள். காரணம் சொல்வது, நடந்ததைக் கோவையாகச் சொல்வது எல்லாம் இப்படிப் பேசித்தான் வருகிறது, ஒரு மொழியில் வந்துவிட்டால் அடுத்த மொழிக்கும் அது கைகொடுக்கும். 2020 தேசியக் கல்விக் கொள்கைகூட முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கத்தான் சொல்கிறது (அந்தக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு இருக்கிற தகராறு தனிக்கதை).

ஸ்கூலில் பேசாமல் இருப்பதற்கு வருவோம். புது மொழிக்குள் போகிற குழந்தைகள் சில வாரம், சில சமயம் சில மாதம்கூட, வெறுமனே கேட்டுக்கொண்டு இருப்பது சகஜம். 'ஷூவை எடு' என்று மிஸ் இங்கிலீஷில் சொன்னால் போய் எடுக்கிறாளா? எடுத்தால் மொழி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தமிழில் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, தமிழிலேயே பேச்சு பின்தங்கியிருக்கிறது என்றால்தான் டாக்டரிடம் காது, பேச்சு இரண்டையும் பார்க்க வேண்டும். அதே போல, வீட்டில் சரளமாகப் பேசியும் ஸ்கூலில் தமிழில்கூட மாதக்கணக்கில் யாரிடமும் பேசவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு' என்று நிறுத்திவைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், பேசுகிற பிள்ளையும் ஊமையாகிவிடும்.

எழுத்து விஷயத்தில்தான் நம் வீடுகளில் பெரிய குழப்பம். தமிழில் ப, ட, ம் என்று சொல்லிக் கூட்டினால் படம் வந்துவிடும், எழுத்தின் பெயரும் ஓசையும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கிலீஷில் 'சி, ஏ, டி' என்று எத்தனை தரம் ஒப்பித்தாலும் 'கேட்' வராது. 'டபிள்யூ' என்ற பெயரைக் கேட்டு 'வாட்டர்' அதில்தான் ஆரம்பிக்கிறது என்று எந்தக் குழந்தை கண்டுபிடிக்கும்? அதனால் எழுத்தின் பெயரோடு அதன் ஓசையையும் பழக்குங்கள். வரிசையாக ஏ முதல் இசட் வரை போக வேண்டியதில்லை. எழுத்தின் ஓசையை வைத்துப் படிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் முறையில் எஸ், ஏ, டி (t), ஐ, பி (p), என் என்ற ஆறு எழுத்துகளின் ஓசையைத்தான் பெரும்பாலும் முதலில் எடுப்பார்கள், அந்த ஆறிலேயே 'பின், டின், சிட்' என்று குட்டி வார்த்தைகளைத் தானே கூட்டிப் படித்துவிடலாம்.

இங்கிலீஷுக்கென்று தினம் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், தூங்கப்போகும் முன் பத்து நிமிஷம் போதும். சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் ஒன்றாக உள்ள படப் புத்தகங்கள் போடுகிறது. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் ஒரே கதை இரண்டு மொழியிலும் இலவசமாகக் கிடைக்கும். கதையை முதலில் மாமியார் தமிழில் சொல்லட்டும், அப்புறம் அதையே நீங்கள் இங்கிலீஷில் படியுங்கள், என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டதால் வார்த்தைகள் தானாக ஒட்டிக்கொள்ளும். அதே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்பாள், கேட்கட்டும்.

உங்கள் உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அவள் 'ஐ கோடு (goed) டு பார்க்' என்று சொன்னால் தப்பு என்று வெட்டாமல், 'ஓ, யூ வென்ட் டு த பார்க்?' என்று சரியான வாக்கியத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொல்லுங்கள். யோசித்துப் பாருங்கள், 'கோடு' என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 'ஜம்ப்டு, வாக்டு' எல்லாம் கேட்டு அவளே கட்டியது அது!

கேள்வி: என் 3 வயதுப் பையன் யூடியூப் பார்த்தே கலர், மிருகம் எல்லாம் இங்கிலீஷில் சொல்கிறான். இப்படியே விட்டால் இங்கிலீஷ் வந்துவிடுமா?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: பெயர்கள் வரும், பேச்சு வராது. இவன் என்ன சொன்னாலும் அந்தப் போன் பதில் சொல்லப்போவதில்லையே. 2 முதல் 4 வயது வரை ஸ்க்ரீன் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டைச் சேர்ந்து பாருங்கள், அணைத்துவிட்டு அதையே ஆடிப் பாடுங்கள். சாப்பாடு ஊட்டும்போது போனைக் கையில் கொடுக்கிற பழக்கம் இருந்தால், குறைப்பதை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.