வீட்டுக்குள் வைஃபை அலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காட்பாடியில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் 40க்கு 30 அடி வீட்டுக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை பரவுவதை எஃப்.டி.டி.டி. முறையில் (இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, அலையைச் சிறுசிறு நேர அடிகளில் நகர்த்திப் பார்க்கும் முறை) கணக்கிட 1.25 செ.மீ. கட்டம் போட்டேன். 8 ஜிபி லேப்டாப் ராத்திரி முழுக்க ஓடியும் முடியவில்லை. எங்கே தவறு?

பதில்: அலைநீளம் 12.5 செ.மீ.; அதில் பத்தில் ஒரு பங்கு என்று கட்டத்தைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் 10 அடி உயரத்தையும் சேர்த்தால் 17 கோடிக் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 6 புலக் கூறுகள் (மின்புலத்துக்கு 3, காந்தப்புலத்துக்கு 3), கூறுக்கு 4 பைட். இதுவே 4 ஜிபி. சுவர்களின் பொருள் விவரமும் சேர்ந்ததும் நினைவகம் நிரம்பி டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். அப்புறம் விடிய விடிய ஓடினாலும் நகராது. இத்தனைக்கும் செங்கலுக்குள் அலைநீளம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்குவதால், அங்கே இந்தக் கட்டமே பெரிது.

தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கிடைவெட்டு ஒன்றை மட்டும் எடுங்கள். சுமார் 7 லட்சம் கட்டம்தான். ஓரங்களில் அலையை விழுங்கும் பி.எம்.எல். பட்டையை 10 கட்டமாவது வையுங்கள். இல்லாவிட்டால் வீடு தகர டப்பாவாகி அலை உள்ளேயே சுற்றும். இரு பரிமாணத்தில் அலை மெதுவாகத் தேய்வதால், வந்த டெசிபலிலிருந்து தூரத்தின் லாக் மதிப்பை 10ஆல் பெருக்கிக் கழிக்கவும். பலர் விட்டுவிடும் படி இது.

ரவுட்டரை எந்த அறையில் வைப்பது என்பது மட்டும்தான் தெரிய வேண்டுமென்றால், இதெல்லாம் வேண்டாம். சுவர் எண்ணும் கணக்கே போதும். 1 மீட்டரில் இழப்பு 40 டெசிபல், 10 மீட்டரில் 60. இடையில் இரண்டு 9 அங்குலச் செங்கல் சுவர் இருந்தால், சுவருக்கு 8 என்று தொடங்கி மொத்தம் 76. ரவுட்டர் 20 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) அனுப்பினால் போனுக்கு வருவது மைனஸ் 56. வீடியோ கால் தாராளமாக ஓடும்.

அந்த 8 வெறும் தொடக்கம்தான். 15, 20 இடங்களில் அளந்து, கணக்கோடு மிகக் குறைவாக முரண்படும் எண்ணைச் சுவருக்கு வையுங்கள். ஒரே இடத்தில் ஒரே அளவை எடுத்தால் ஏமாறுவீர்கள்: போனை மூன்று விரற்கடை நகர்த்தினாலே 10 டெசிபல் மாறக்கூடும். அரை மீட்டருக்குள் ஐந்தாறு முறை அளந்து சராசரி எடுங்கள். உடம்பும் மறைக்கும், நாலு பக்கமும் திரும்பி நில்லுங்கள்.

கேள்வி: ஆம்பூரில் காலணி குடோன். தகரக் கூரை, வரிசையாக இரும்பு ரேக். கணக்கில் எல்லா இடத்திலும் சிக்னல். நேரில் ரேக்குகளுக்கு நடுவே ஸ்கேனரின் வைஃபை இணைப்பு அறுந்து போகிறது. ஏன்?

பதில்: ரேக்கைச் சுவர் போல டெசிபல் போட்டு எண்ணியிருப்பீர்கள். சரக்கு ஏறிய இரும்பு ரேக்கை ஊடுருவ முடியாத தகடாகவே வையுங்கள். அலை இங்கே ரேக்குக்கு மேலே போய்க் கூரையில் பட்டு இறங்குகிறது. ஆகவே கிடைவெட்டு உதவாது. முப்பரிமாணக் கதிர்த்தடம்தான் (அலையைக் கதிர்களாக எண்ணி, அவை பட்டுத் திரும்பும் பாதைகளைத் தேடும் முறை) வேண்டும். எதிரொலிப்பை இரண்டோடு நிறுத்துங்கள். 40 பரப்பு இருந்தால் இரண்டு எதிரொலிப்புக்குச் சோதிக்க 1,560 பாதை. மூன்றாவதைச் சேர்த்தால் 60,000 தாண்டும்.

ரேக் காலியாக ஒருமுறை, நிறைந்து ஒருமுறை ஓட்டுங்கள். ஆக்சஸ் பாயிண்டை (வைஃபை அலையை அனுப்பும் கருவி) ரேக்கின் மேல் வைக்காமல், நடைபாதைக்கு நேராக, அதன் ஒரு முனையில் மாட்டுங்கள்.