விடுபட்ட சொல்லைத் தேடுங்கள்

கேள்வி: புதிய ஜனாதிபதி முதலில் எந்த நாட்டுக்குப் போகிறாரோ, அரசு அந்தப் பக்கம்தான் சாயும் என்கிறார்கள். வெளிநாட்டுக் கொள்கை மாறப்போவதை முன்கூட்டியே அறிய அந்த ஒன்று போதாதா, ஆசிரியர் ஐயா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: போதாது. மைத்திரிபால சிறிசேன 2015 பெப்ரவரியில், கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பரில், அநுர குமார திசாநாயக்க 2024 டிசம்பரில்: மூவரும் முதலில் போனது டெல்லிக்குத்தான். மூவரின் கொள்கையும் ஒன்றாகவா இருந்தது? கோட்டாபய போய்வந்து ஒன்றேகால் வருடத்துக்குள், இந்தியாவும் ஜப்பானும் சேரவிருந்த கொழும்புத் துறைமுகக் கிழக்கு முனையத் திட்டத்தை அவரது அரசு கைவிட்டது.

டெல்லி கேட்பதற்கெல்லாம் அவர் தலையாட்டப் போவதில்லை என்பது அந்த முதல் பயணத்திலேயே தெரிந்தது. இருவரும் ஊடகங்களின் முன் நின்றபோது மோடி, மாகாண சபைகளுக்கு அதிகாரம் பகிரும் நம் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கோட்டாபயவின் பேச்சில் அது இல்லை. எந்தச் சந்திப்பு நடந்தாலும் இரண்டு நாட்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். பிறகு அதே நாட்டோடு முன்பு வெளியிட்ட அறிக்கையை எடுத்து, வழக்கமாக வரும் எந்த வரி இம்முறை காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். கைகுலுக்கும் படத்தில் இது எதுவும் தெரியாது.

ஆட்சிக்கு வருமுன் யார் யாரை அழைக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ என்று வகுப்பெடுத்து வளர்ந்த கட்சி ஜே.வி.பி. தோட்டத் தமிழர்களையும் அந்தச் சந்தேகக் கண்ணோடு பார்த்த வகுப்பு அது. அந்தக் கட்சியின் தலைவர் அநுரவை 2024 பெப்ரவரியில் இந்திய அரசே அழைத்து உபசரித்தது. ஜனாதிபதித் தேர்தலுக்கு அப்போது ஏழு மாதம் இருந்தது. இரு தரப்பும் பழைய பேச்சை விழுங்கிக்கொண்டன. அரசியலில் அப்படி விழுங்குவது லேசான காரியம் அல்ல. அதனால்தான் அதை நம்பலாம்.

ஒரே அறிகுறியைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதினால் சறுக்கும். 2022 ஓகஸ்டில், இந்தியா சந்தேகக் கண்ணோடு பார்த்த ‘யுவான் வாங் 5’ என்ற சீன ஆய்வுக் கப்பலின் வருகையைத் தள்ளிப்போடுமாறு நம் வெளிவிவகார அமைச்சு கேட்டது. ‘கொழும்பு சீனாவைக் கைவிட்டது’ என்று அன்றே எழுதியவர்கள் உண்டு. 16ஆம் திகதி கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து சேர்ந்தது. கடன் மறுசீரமைப்புக்குச் சீனாவின் தயவும் வேண்டும், எரிபொருளுக்கும் மருந்துக்கும் இந்தியாவின் தயவும் வேண்டும் என்றிருந்த அரசு அது. கையில் காசில்லாத அரசின் கடிதத்தைக் கொள்கையாக எண்ணுவது தவறு.

நம் பக்கத்தில் நடப்பதையும் பாருங்கள். 2017 டிசம்பரில், சரக்கில் வண்டு இருந்தது என்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களிலேயே, 2018 ஜனவரி முதல் அமுலாகவிருந்த அஸ்பெஸ்டஸ் இறக்குமதித் தடையைக் கொழும்பு ஒத்திவைத்தது. அஸ்பெஸ்டஸை அதிகம் தோண்டி விற்கும் நாடு ரஷ்யா. ஆண்டு முடிவதற்குள் தேயிலைத் தடை நீங்கியது. தேயிலைச் செய்தி வர்த்தகப் பக்கத்தில் வரும், கூரைத்தகட்டுச் செய்தி சுகாதாரப் பக்கத்தில் வரும். சேர்த்துப் படிக்க வேண்டியது நீங்கள்தான்.

இதெல்லாம் தோட்டத்தில் இருப்பவனுக்கு எதற்கு என்று கேட்பவர்களிடம் 1964ஐச் சொல்லுங்கள். 1962இல் சீனாவிடம் அடிபட்ட இந்தியாவுக்கு அயல்நாட்டு நட்பு அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் நம் பிரதமர் சிறிமாவோ கொழும்பில் சமரச மாநாட்டைக் கூட்டினார். 1964 மே மாதம் நேரு மறைந்தார். ஐந்து மாதம் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. குடியுரிமை இல்லாதிருந்த தோட்டத் தமிழர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதிவைத்தார்கள். கொழுந்துக் கூடையோடு மலையேறிக்கொண்டிருந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.