புதுத் தொட்டியில் மீன் எப்போது விடலாம்? சைக்ளிங் பற்றிக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி, ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகக் கேட்டவை. அவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் எல்லாம் நன்னீர்த் தொட்டிக்கு. கடல்நீர்த் தொட்டிக்கும் அடிப்படை இதேதான், ஆனால் அளவுகள் மாறும்.

கேள்வி: அண்ணா, புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு வாரமாக ஃபில்டரை ஓடவிட்டிருக்கிறேன். தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. இனி மீன் விடலாம்தானே?

வேண்டாம் தம்பி. இந்த ஒரு வாரத்தில் அந்தத் தொட்டியில் பெரிதாக எதுவும் நடந்திருக்காது.

மீன் வெளியேற்றும் முக்கியமான கழிவு அம்மோனியா. அது செவுள் வழியாக இரவு பகலாக வந்துகொண்டே இருக்கும். மிச்சத் தீனி அழுகினாலும் வருவது அதுதான். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, அதனால் தண்ணீர் பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மட்டும் அதிகம் சேராதவரை மீன் தாங்கிக்கொள்ளும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றி அதைக் குறைத்துவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரில் குடியேறிப் பெருகுவதைத்தான் சைக்ளிங் என்கிறோம். வெறும் தண்ணீரில் அவற்றுக்குச் சாப்பாடு ஏது? மாதக்கணக்கில் ஓடவிட்டாலும் வெறும் தண்ணீர் சைக்கிள் ஆகாது. அம்மோனியா போட்ட நாளிலிருந்துதான் கணக்கு. அதன் பிறகு பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

கேள்வி: மீன் இல்லாமல் அம்மோனியாவுக்கு எங்கே போவது? சிலர் தீனி தூவச் சொல்கிறார்கள், சிலர் இறால் துண்டு போடச் சொல்கிறார்கள்.

இரண்டும் வேலை செய்யும். ஆனால் எவ்வளவு அம்மோனியா, எப்போது வரும் என்பது நம் கையில் இருக்காது. இறாலைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் சில நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், வாடையும் அடிக்கும்.

என் ஓட்டு அம்மோனியம் குளோரைடு தூளுக்கு. 100 லிட்டருக்கு 0.6 கிராம் போட்டால் ஏறக்குறைய 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வரும். சமையலறைத் தராசு இவ்வளவு சின்ன எடையைச் சரியாகக் காட்டாது. அதனால் 6 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொண்டு, 100 லிட்டருக்கு 100 மில்லி என்று அளந்து ஊற்றுங்கள். தூள் கிடைக்காமல் சுத்தம் செய்ய விற்கும் அம்மோனியா திரவத்தை எடுத்தால், அதில் வாசனையோ சோப்போ கலந்திருக்கக் கூடாது. பாட்டிலைக் குலுக்கிப் பாருங்கள், நுரை அடங்காமல் நின்றால் அது வேண்டாம். திரவத்தின் செறிவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், ஆகவே கொஞ்சம் ஊற்றி, டெஸ்ட் கிட்டில் (தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, வரும் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது) டெஸ்ட் செய்து, தேவைப்பட்டால் மீண்டும் ஊற்றுங்கள். பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கேள்வி: சைக்கிள் நடக்கும்போது தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா எல்லாம் போய்விடாதா?

போகாது. இவற்றில் மிகப் பெரும்பாலானவை ஸ்பாஞ்ச், செராமிக் வளையம், மணல் என்று எதையாவது பற்றிக்கொண்டு வாழ்பவை. தண்ணீரில் மிதப்பவை சொற்பம். அதனால்தான் நண்பர் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் வாங்கி வந்து ஊற்றுவதில் பெரிய பலன் இல்லை. கேட்பதாக இருந்தால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் பழுப்பாக ஒரு குழம்பு வடியும். பார்க்க அழுக்குதான், ஆனால் நமக்கு வேண்டியது அதற்குள்தான் இருக்கிறது. அந்தத் துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் செருகினால் வாரக்கணக்கான வேலை நாள்கணக்கில் முடிந்துவிடும். அந்தத் தொட்டியில் சமீபத்தில் நோய் எதுவும் வரவில்லை என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், நோயும் கூடவே வரும்.

இன்னொன்று. உங்கள் ஃபில்டரைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவவே கழுவாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசினால் போதும்.

கேள்வி: குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்கிறார்களே?

குளோரின் போகும், ஏர் பம்ப் ஓடினால் இன்னும் சீக்கிரம் போகும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) போகாது. உங்கள் தண்ணீரில் இரண்டில் எது கலக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் ஆன்டி குளோரின் சொட்டைப் போட்டுவிடுங்கள். குளோரமைன் உடையும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். தண்ணீர் மாற்றிய உடனே கிட்டில் லேசாக அம்மோனியா காட்டுவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

கேள்வி: சார், அம்மோனியா ஒரே நாளில் பூஜ்யம் ஆகிவிடுகிறது. ஆனால் நைட்ரைட் இரண்டு வாரமாக 5 பிபிஎம்மிலேயே நிற்கிறது. நைட்ரேட்டோ எக்கச்சக்கம். தினமும் தவறாமல் 2 பிபிஎம் அம்மோனியா போட்டு வருகிறேன். எங்கே தப்பு?

தினமும் தவறாமல் போடுவதில்தான்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 1 பிபிஎம் அம்மோனியா முழுக்க மாறினால் 2.7 பிபிஎம் நைட்ரைட் ஆகும். நீங்கள் போடும் 2 பிபிஎம் ஒவ்வொரு நாளும் 5.4 நைட்ரைட்டைச் சேர்க்கிறது. இரண்டாவது கூட்டம் இன்னும் தேவையான அளவு பெருகவில்லை. ஆகவே அது 5இல் நிற்கவில்லை, உங்கள் கிட்டின் வண்ண அட்டைதான் 5இல் முடிகிறது. உண்மையில் 30, 40 கூட இருக்கலாம். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு சுத்தமான தண்ணீர் கலந்து டெஸ்ட் செய்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். நீலத்திலிருந்து ஊதாவுக்குப் போகும் கிட் என்றால் சொட்டு விழுந்த நொடியே குழாய் கரும் ஊதா ஆகும். அப்படி ஆனால் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதே இல்லை, அட்டையைத் தாண்டிவிட்டது.

அந்த நைட்ரேட் எண்ணையும் நம்பாதீர்கள். சொட்டு மருந்து கிட்கள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, அதைத்தான் நிறமாகக் காட்டும். ஏற்கெனவே தண்ணீரில் இருக்கும் நைட்ரைட்டும் சேர்ந்து கணக்கில் ஏறிவிடும். நைட்ரைட் பூஜ்யம் ஆன பிறகு பார்க்கும் நைட்ரேட்தான் நிஜம். அப்போதும் நைட்ரேட் கிட்டின் இரண்டாவது பாட்டிலை மேசையில் நாலு தட்டுத் தட்டி, அரை நிமிடம் பலமாகக் குலுக்குங்கள். அதில் அடியில் படியும் தூள் இருக்கிறது, குலுக்காமல் விட்டால் குறைத்துக் காட்டும்.

இப்போது செய்ய வேண்டியது: பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றுங்கள், தேவைப்பட்டால் மறுநாளும். நைட்ரைட் அட்டைக்குள் இறங்கும்வரை அம்மோனியா போடாதீர்கள். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை 1 பிபிஎம் போதும். ஒருநாள் காலையில் பார்த்தால் நைட்ரைட் சட்டென்று விழுந்திருக்கும், அது மெல்ல மெல்ல இறங்குவதைவிட அப்படி விழுவதுதான் சகஜம்.

கேள்வி: ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றியிருக்கிறேன், சுத்தமாக இருக்கட்டும் என்று. மூன்று வாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது.

பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) பாருங்கள். 6க்குக் கீழே போயிருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மாற்றம் நடக்கும்போது அமிலம் உண்டாகிறது, அதைத் தாங்கிக்கொள்வது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், அதாவது கேஎச். 2 பிபிஎம் அம்மோனியா நைட்ரேட் ஆகி முடிய ஏறக்குறைய 0.65 டிகிரி கேஎச் செலவாகும். ஆர்ஓ தண்ணீரில் செலவழிக்க ஒன்றுமே இல்லை, பிஎச் சரிந்துவிடும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கலந்து ஊற்றுங்கள். அல்லது சமையல் சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் ஒரு டிகிரி ஏறும். 4 டிகிரி இருந்தால் சைக்கிளுக்குத் தாராளம்.

கேள்வி: நாலாம் நாள் தண்ணீர் பால் கலந்தது போல் வெளுத்துவிட்டது.

அது வேறு பாக்டீரியா, தண்ணீரில் இருக்கும் மிச்சம் மீதியைத் தின்று திடீரென்று பெருகுவது. ஏர் பம்பை நிறுத்தாதீர்கள். தானாகச் சரியாகும்.

கேள்வி: ஐயா, இதெல்லாம் தெரியாமல் ஆறு கோல்டு ஃபிஷ் வாங்கி விட்டுவிட்டோம். மேலே வந்து வாய் பிளக்கின்றன. இப்போது என்ன செய்வது?

இன்றைக்கே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஆன்டி குளோரின் போட்டு, வெப்பம் சமமாக இருக்கும்படி பார்த்து ஊற்றுங்கள். ஏர் பம்பைக் கூட்டி வையுங்கள். இன்று தீனி வேண்டாம். நாளையிலிருந்தும் ஒன்று விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. மீன் பட்டினியில் சாகாது. கோல்டு ஃபிஷ் தின்பதும் அதிகம், கழிவும் அதிகம். ஆறுமே ஒரு புதுத் தொட்டிக்கு அதிகம்தான். கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்றால் நாலைத் திருப்பிக் கொடுப்பது அவற்றுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அப்புறம் தினமும் டெஸ்ட். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5 பிபிஎம்மைத் தாண்டினால் தண்ணீர் மாற்ற வேண்டும். நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஏறினால் அது ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். தண்ணீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிப்பது அதனால்தான். இதற்கு உப்பு கைகொடுக்கும். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும். வேறெதுவும் சேர்க்காத உப்பு, 100 லிட்டருக்கு 50 கிராம், தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அம்மோனியாவுக்கு உப்பு மருந்தல்ல, அதற்குத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி.

பிஎச்சையும் கவனியுங்கள். கிட் காட்டும் அம்மோனியா முழுவதும் ஒரே அளவு விஷம் அல்ல. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அதில் விஷ வடிவம் 0.6 சதவீதம்தான். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். அதனால் இந்தச் சமயத்தில் பிஎச்சை ஏற்றும் மருந்து எதையும் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: பாட்டிலில் வரும் பாக்டீரியா திரவம் ஊற்றினால் அடுத்த நாளே மீன் விடலாம் என்று போட்டிருக்கிறதே?

சில பாட்டில்கள் உண்மையிலேயே நாளைக் குறைக்கும், சில வெறும் தண்ணீர் ஊற்றியது போலத்தான். இந்த பாக்டீரியாவுக்கு வெயிலும் பழைய சரக்கும் ஆகாது. காலாவதி தேதியைப் பாருங்கள், சூட்டில் கிடந்ததை வாங்காதீர்கள். லேபிளில் எந்த இனம் என்று போட்டிருந்தால் அதையும் படியுங்கள். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் பழைய புத்தகங்களில் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998இல் வந்த ஆய்வு காட்டியது. 2015இல், அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாகவே முடித்துவிடும் நைட்ரோஸ்பைராக்களையும் கண்டுபிடித்தார்கள். எந்தப் பாட்டிலை ஊற்றினாலும் சரி, கிட் சொல்லாமல் மீன் விடாதீர்கள்.

கேள்வி: செடி நிறைய வைத்தால் சைக்கிளே வேண்டாமா?

வேகமாக வளரும் செடிகள் அடர்த்தியாக இருந்து, புது இலை விட்டுக்கொண்டிருந்தால் அவை அம்மோனியாவை நேரடியாக எடுத்துக்கொள்ளும். அப்போது கிட்டில் எதுவும் ஏறாமலே தொட்டி தயாராகிவிடும். ஓரத்தில் நாலு அனுபியாஸ் வைத்துவிட்டு இதை எதிர்பார்க்க வேண்டாம். அது வளர்வதே மெதுவாக.

கேள்வி: ஃபைட்டர் மீனுக்குச் சின்னக் கிண்ணம்தான். அதற்குமா?

அதற்கும்தான். தண்ணீர் குறையக் குறைய அம்மோனியா வேகமாக ஏறும். மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால் ஆக்ஸிஜன் குறைவைத் தாங்கும், அம்மோனியாவை அல்ல. கிண்ணத்தை விட்டுவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்த 20 லிட்டர் தொட்டிக்குப் போங்கள்.

கேள்வி: முடிந்துவிட்டது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? முடிந்ததும் எத்தனை மீன் விடலாம்?

2 பிபிஎம் அம்மோனியா போடுங்கள். 24 மணி நேரம் கழித்து டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியா 0, நைட்ரைட் 0. இதே முடிவு அடுத்த நாளும் வந்தால் முடிந்தது. ஆறு வாரம் ஆகிவிட்டது என்பதோ, கண்ணாடியில் பழுப்புப் பாசி வந்துவிட்டது என்பதோ கணக்கில் சேராது.

அதன்பின் நைட்ரேட் நிறையச் சேர்ந்திருக்கும், முக்கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 20 பிபிஎம்முக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது. இந்த அளவுக்குத் தயாரான ஃபில்டர் ஒரு கப்பிக் கூட்டத்தைச் சிரமமில்லாமல் தாங்கும். ஆனாலும் நினைத்ததில் பாதியை முதலில் விட்டு, ஒரு வாரம் டெஸ்ட் செய்துவிட்டு மீதியை விடுங்கள்.

கேள்வி: தொட்டி தயார், ஆனால் மீன் வாங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஃபில்டரை அணைத்து வைக்கலாமா?

அணைக்காதீர்கள். தண்ணீர் ஓட்டம் நின்றால் ஃபில்டருக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். மூடிய கேனிஸ்டர் வகை என்றால் சில மணி நேரத்திலேயே பாதிப்பு தொடங்கும். ஓடவிட்டு, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 1 பிபிஎம் அம்மோனியா போட்டு வாருங்கள். மீன் வாங்கும் நாளுக்கு முந்தின நாள் டெஸ்ட் செய்து, தண்ணீரை மாற்றிவிட்டு, அம்மோனியா போடுவதை நிறுத்திவிடுங்கள்.