இரவில் விட்டுப்போகும் துடிப்பும், படியில் இருட்டிய கண்ணும்

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று மாதங்களாக, இரவில் படுத்ததும் நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போவது போலவும், அடுத்த துடிப்பு 'தொம்' என்று இடிப்பது போலவும் இருக்கிறது. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் அதிகம். இசிஜி எடுத்தேன், நார்மல் என்றார்கள். "மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்கிறார் கணவர். போன மாதம் மாடிப்படி ஏறும்போது திடீரென்று படபடவென அடித்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. என் அண்ணன் 38 வயதில் தூக்கத்திலேயே இறந்துபோனார். அதனால்தான் வீணாகப் பயப்படுகிறேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அந்த 'தொம்' பற்றியது. என் மனதில் நின்றதோ கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்கள்: படியேறும்போது கண் இருட்டியது, அண்ணனின் மரணம். அதனால் பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன். இந்த வாரமே ஒரு இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். உள்ளே போனதும் இந்த இரண்டையும்தான் முதலில் சொல்ல வேண்டும். அதுவரை ஓட்டம், உடற்பயிற்சி, மூச்சு வாங்க வைக்கும் வேலை எதுவும் வேண்டாம். வண்டியும் ஓட்டாதீர்கள்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உழைக்கும்போது வரும் படபடப்பும், அதோடு சேர்ந்த மயக்கமும், குடும்பத்தில் இளம் வயதில் நேர்ந்த திடீர் மரணமும் ஒன்றாக வந்தால், நாங்கள் யாரும் 'பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடுவதில்லை. இதயத்தசை தடித்துப்போவது, இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே இருக்கும் கோளாறு போன்றவை பரம்பரையாக வரக்கூடியவை. வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். உங்களுக்கு அது இல்லாமலே போகலாம். இல்லை என்று பரிசோதித்துத் தெரிந்துகொள்வோம்.

சரி, இப்போது அந்த 'தொம்'முக்கு வருவோம். உண்மையில் அங்கே துடிப்பு எதுவும் விட்டுப்போவதில்லை. ஒன்று முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. இதயத்தில் ரத்தம் நிறையும் முன்பே வருவதால் அதில் வேகம் இருக்காது, நமக்குத் தெரிவதும் இல்லை. அதன் பிறகு சின்ன இடைவெளி. அந்த நேரத்தில் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தம் நிறைந்துவிடும். அதை மொத்தமாக வெளியே தள்ளும் அடுத்த துடிப்புதான் நெஞ்சில் இடிப்பது போலத் தெரிகிறது. இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் இப்படிச் சில முந்திக்கொள்வது நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்களுக்கும் சகஜம். இடதுபக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருகிறது. இரவில் சத்தமும் அடங்கிவிடுகிறது. அதனால்தான் அப்போது அதிகமாக உணர்கிறீர்கள். தூக்கமின்மை, காபி, மது, புகை, காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு கோளாறு, மாதவிடாய் நிற்கும் பருவம் என்று இதைக் கூட்டுபவை பல. மூக்கடைப்பு மாத்திரைகளும் ஆஸ்துமா இன்ஹேலரும்கூட இதைச் செய்யும். நீங்கள் எடுக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இசிஜி நார்மல் என்று வந்தது நல்ல செய்திதான். ஆனால் அது பதிவு செய்வது சுமார் பத்து விநாடி. மூன்று மாதக் கதையில் அந்தப் பத்து விநாடி மட்டும் அமைதியாக இருந்திருக்கலாம். அதனால் ஹோல்டர் வைப்பார்கள். நெஞ்சில் ஒட்டிக்கொண்டு ஒரு நாளோ இரண்டு நாளோ ஒவ்வொரு துடிப்பையும் பதிவு செய்யும் சின்னக் கருவி அது. எக்கோ (இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் ஸ்கேன்), ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம் அளவுகளும் பார்ப்பார்கள். படியேறும்போது வந்தது என்பதால் டிரெட்மில் சோதனையும் தேவைப்படலாம். எதை முதலில் செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதற்குள் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: நாடி பார்க்கப் பழகுவது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். உள்ளங்கை மேலே பார்த்திருக்க, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது; அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை பெரியவர்களுக்குச் சரியான அளவு. எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனியுங்கள். சீராகப் போகும்போது நடுவே ஒன்று பிசகுகிறதா, அல்லது தொடக்கம் முதலே ஒழுங்கில்லாமல் இருக்கிறதா? படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறதா, சுவிட்ச் போட்டது போலத் தொடங்கி அதேபோல நிற்கிறதா? தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். என்னிடம் வருபவர்களிடம், "எப்படி அடித்தது என்று இந்த மேசையில் தட்டிக் காட்டுங்கள்" என்பேன். வார்த்தையில் சொல்லத் தெரியாதவர்கள்கூட விரலால் அச்சு அசலாகக் காட்டிவிடுவார்கள்.

முட்டிவலிக்காக ஒரு மூதாட்டி வந்திருந்தார். பேசிக்கொண்டே கையைப் பிடித்தேன். நாடியில் எந்தத் தாளமும் இல்லை. இரண்டு வேகமாக, ஒன்று தாமதமாக, அப்புறம் மூன்று நெருக்கமாக. அவருக்கோ படபடப்பே தெரியவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற நிலை அது. இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கினோம். இன்றும் நன்றாக இருக்கிறார். வயது 65 தாண்டிய யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் நாடியையும் பிடித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முற்றிலும் தாளம் தப்பியிருந்தால், தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் அழைத்துப் போக வேண்டும்.

அப்பாயின்ட்மென்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. படபடப்போடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால், அல்லது ஓய்வில் இருக்கும்போதே வேகமாக அடிப்பது சில நிமிடங்களில் அடங்காவிட்டால், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முகம் ஒருபக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது வந்தாலும் அப்படித்தான். நீங்களே வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். படியேறும்போது மறுபடி கண் இருட்டினால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். அது தானாகச் சரியானாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கணவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கவலை படபடப்பைக் கொண்டுவரும். அண்ணனை இழந்தவருக்குக் கவலை வராமல் இருக்குமா? ஆனால் 'மனசுதான் காரணம்' என்பது மற்றதெல்லாம் பார்த்து முடித்த பிறகு வர வேண்டிய முடிவு. பதற்றம் என்று முத்திரை குத்தப்பட்டுப் பல வருடம் அலைந்தவர்களுக்குக் கடைசியில் ஹோல்டரில் கோளாறு பிடிபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று படியில் உங்கள் முகம் எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதை அருகில் இருந்து பார்த்திருந்தால் அவர்தான் சரியாகச் சொல்ல முடியும். அண்ணனின் பழைய இசிஜியோ பிரேதப் பரிசோதனை அறிக்கையோ அண்ணியிடம் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இசிஜியும் எக்கோவும் எடுத்துப் பார்க்கும்படி அண்ணியிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.